முப்பத்தைந்து இடது வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைச் சோளக்காட்டுக்கு ஏறும் காலைப் பேருந்தில், ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து இருக்கையில் இருந்தவர் சொல்லக் கேட்டது இது. சொன்னவர் பெயர் நல்லசிவம், வயது முப்பத்தெட்டு, தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநர். வகுப்பில் பேசிப் பழகிய திருத்தமான தமிழ் அவருடையது. பிறர் பேசியதைச் சொல்லும்போது மட்டும் ஊர்ப்பேச்சுக்கு மாறுவார். அதை அப்படியே தந்திருக்கிறேன். பின்னர் இரண்டு முறை இதே வழித்தடத்தில் அவரிடமே இக்கதையைக் கேட்டேன். மூன்று முறையும் எண்களில் ஒன்றுகூட மாறவில்லை.

காரவள்ளி வந்துவிட்டது, ஐயா. இனி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு ஓட்டுநரின் கையைப் பார்க்க வேண்டும். பார்க்காமலும் சொல்வேன், எந்த வளைவில் எந்தக் கியர் போடுவார் என்று. இருந்தாலும் பார்ப்பது ஒரு பழக்கம்.

இந்தப் பலகையா? ஒரு மீட்டர் நீளம். மேலே பதித்திருப்பது கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம். சாலையின் சரிவை அளப்பதற்கு. நெடுஞ்சாலைத் துறையா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை, சொந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

நீங்கள் பந்தய சைக்கிள் பார்த்திருக்கிறீர்களா? பின்சக்கரத்தின் நடுவில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும், சிறியதிலிருந்து பெரியது வரை, பதினொன்று. கேசட் என்பார்கள். அதிலே மிகப் பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல் என்பதுதான் பிரச்சினை. பல் கூடினால் மிதி இலேசாகும்; ஆனால் ஒரு மிதிக்கு வண்டி நகரும் தூரம் குறையும். பல் குறைந்தால் மிதி கனக்கும், வண்டி கூடுதலாக நகரும். அவ்வளவுதான் விஷயம். என் மாணவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். என் தங்கைக்கு ஒரு மாதம் சொன்னேன்.

தங்கை பெயர் கோகிலவாணி. மாநில அளவில் சாலைப் பந்தயம் ஓட்டியவள். சமதரையில் மூன்று பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லும் வருடம் அவளுக்கு இருபத்தைந்து. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்ணுக்கு ஒரே ஓர் இடம் வந்திருந்தது. வயது வரம்பு அந்த வருடத்தோடு சரி. இந்த மலையில் நடந்த பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். வராவிட்டால் கோழிப்பண்ணை. நாமக்கல்லில் வேறென்ன இருக்கிறது? பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலைக்கு அவள் அப்போதே போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன் எழுந்து ஏழுவரை சைக்கிள், எட்டிலிருந்து முட்டை. எட்டு மணிநேரம் நின்றபடி.

ஆகவே பல்சக்கரத்தை நானே கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். அவள் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்ட பொறுப்பு. நான் மலையில் சைக்கிள் ஓட்டியதில்லை, ஐயா. ஓட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பாலம் கட்டுகிறவன் லாரி ஓட்டிப் பார்த்துவிட்டா கட்டுகிறான்?

இந்தப் பேருந்தில் ஆறு முறை ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை இருக்கை, கையில் நோட்டுப் புத்தகம். அப்போதும் செங்கோடன்தான் ஓட்டுநர். அதோ, அவரேதான். ஒவ்வொரு வளைவிலும் அவர் எந்தக் கியருக்கு மாற்றுகிறார், எஞ்சின் எப்படி முனகுகிறது, எல்லாம் குறித்தேன். "வாத்தியாரே, எங் கைய இப்பிடி எம் பொண்டாட்டிகூடப் பாத்ததில்ல" என்பார். எழுபதில் ஒன்பது வளைவுகளில்தான் அவர் முதல் கியர் போட்டார். மற்ற அறுபத்தொன்றும் இரண்டாம் கியர். அரிசி மூட்டை, சிமெண்டு மூட்டை, ஐம்பத்தைந்து பேர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டி இரண்டாம் கியரில் ஏறுகிறது. ஐம்பத்திரண்டு கிலோ பெண், எட்டுக் கிலோ சைக்கிள். இதற்கு எவ்வளவு பெரிய பல் வேண்டும்?

இருபத்தைந்து போதும். பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், இருபத்தைந்து பல்லில், நிமிடத்துக்கு அறுபத்தொரு மிதி. யாரிடம் வேண்டுமானாலும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஐயா. கணக்கில் தவறில்லை.

அவள் முப்பத்திரண்டு கேட்டாள்.

"அண்ணா, முப்பத்திரெண்டு போட்டுக்கலாங்கண்ணா. அதுலயும் ஒரு இருபத்தஞ்சு இருக்குதில்லீங். அதுக்கு மேல ரெண்டு சக்கரம் சும்மா கெடந்துட்டுப் போவுது."

"இருந்தா அதுல போட்டுருவே. போட்டா மெதுவாத்தான் போவே."

"முடியாதப்பத்தானுங்கண்ணா போடுவேன்."

"முடியாதுன்னு நெனச்சுட்டே கெளம்பறவ எதுக்குக் கெளம்பறே?"

நான் சொன்னது நியாயம்தானே? பெரிய சக்கரம் இருக்கிறது என்ற நினைப்பே காலைத் தளர்த்திவிடும். அதோடு முப்பத்திரண்டில் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம். இருபதிலிருந்து இருபத்திரண்டு, அடுத்தது இருபத்தைந்து, அப்புறம் இருபத்தெட்டு. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாண்டுவது போல. இருபத்தைந்து கேசட்டில் பதினொன்றிலிருந்து பதினேழு வரை ஒவ்வொரு பல்லாக ஏறும். என்ன நேர்த்தி தெரியுமா, ஐயா. கையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அப்போதுதான் அவள் அந்த வளைவு விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணா, பஸ்ஸு எடது வளைவுல வெளி ஓரமாச் சுத்தித்தானுங்க திரும்புது. அங்க சரிவு கம்மி. நாங்க எடது ஓரத்த உட்டு நகரக் கூடாது, அது ரேஸு ரூலுங்க. உள்ஓரம் செவுரு மாதிரி நிக்குதுங்கண்ணா. நீங்க எழுதிட்டு வந்தது பஸ்ஸு போற ரோடு. நாம் போற ரோடு இல்லீங்."

நான் இதை யோசிக்காதவன் அல்ல. அவளுக்கு அங்கேயே, இலை ஓரத்தில், விரலால் கணக்குப் போட்டுக் காட்டினேன். எழுபது வளைவில் பாதி இடது. ஒற்றைப்படை எண் எல்லாம் இடது. முப்பத்தைந்து. ஒவ்வொன்றிலும் அந்தச் செங்குத்து பத்து மீட்டருக்கு மேல் இல்லை. முப்பத்தைந்து பத்து முந்நூற்றைம்பது. இத்தனை பெரிய மலைப்பாதையில் முந்நூற்றைம்பது மீட்டர், ஐயா. முந்நூற்றைம்பது மீட்டருக்காக யாராவது ஒரு கேசட்டைத் தேர்ந்தெடுப்பார்களா?

"அந்த முன்னூத்தம்பது மீட்டரையும் நாந்தானுங்கண்ணா ஏறோணும்" என்றாள்.

என் மனைவி ரசம் ஊற்ற வந்தவள், "ஏனுங்க, ஓட்டறவ சொல்றா. கேட்டுட்டாத்தான் என்ன கொறஞ்சு போயிரும்?" என்றாள். அவளுக்கு எதிலும் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை கோகிலா சேலத்துக்குப் போய், யூனுஸ் பாய் கடையில் முப்பத்திரண்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. வண்டி நடையில் நின்றது, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் யூனுஸ் பாய்க்கு போன் செய்தேன். நல்ல மெக்கானிக், ஆனால் படித்தவர் இல்லை. "சார், அது தங்கச்சி காலு. தங்கச்சியத்தான் கேக்கணும்" என்றார். கால் அவளுடையது, கணக்கு என்னுடையது என்றேன். சிரித்தார். என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மறுநாள் பந்தயம், ஓய்வு வேண்டும். அந்த நேரத்தில் நான் பின்சக்கரத்தைக் கழற்றினேன். முப்பத்திரண்டை எடுத்துத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். எறிந்துவிடவில்லை, பாருங்கள். இருபத்தைந்தைப் போட்டேன். பெரிய சக்கரத்துக்குச் சங்கிலி நீளம் வேண்டும், சிறியதற்கு அது தொளதொளக்கும். அப்படியே விட்டாலும் ஓடும் என்பார்கள். எனக்கு அந்த 'ஓடும்' என்ற பேச்சே பிடிக்காது. ஆறு கண்ணி அளந்து அறுத்துவிட்டு மறுபடி இணைத்தேன். சுண்டிப் பார்த்தால் வீணைத் தந்தி போல நின்றது. ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். என் வகுப்பில் முதல் நாள் சொல்லும் வாக்கியம் அதுதான்.

பதின்மூன்றாவது வளைவு. இரண்டாம் கியர். பார்த்தீர்களா?

ஞாயிறு காலை காரவள்ளியில் பதினான்கு பெண்கள் நின்றார்கள். சட்டையில் எண் குத்திக்கொண்டு, கால்களை உதறிக்கொண்டு. கோகிலா வண்டியைச் சற்றே தூக்கி மிதியைக் கையால் சுழற்றினாள். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். எண்ணினாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். இருபத்தைந்து வரை எண்ணி முடிக்கும் நேரம் இருந்தது.

"அது எங்கீங்கண்ணா?"

"பைக்குள்ள இருக்குது. ஆனா செயின அறுத்தாச்சு. இனிப் போட்டாலும் எட்டாது."

அவள் என்னைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டாள். அதனால்தான் சொல்கிறேன், அவள் உள்ளுக்குள் என் கணக்கை ஒப்புக்கொண்டிருந்தாள். ஒப்புக்கொள்ளாதவள் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள் இல்லையா?

நான் முன்னணிப் பெண்களுக்குப் பின்னால் வந்த வேனில் ஏறிக்கொண்டேன். கையில் கடிகாரம். நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. அறுபத்தொன்று. கணக்கிட்ட எண், ஐயா, அப்படியே அவள் காலில் வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாவது வளைவில் ஐந்தாவதாக இருந்தாள். இருபத்தேழில் இரண்டாவது. இரண்டாவது! வேனில் இருந்த மதுரைக்காரர் ஒருவர், "யாருங்க அந்தப் புள்ள, ஒரே சீரா மிதிக்குது" என்று கேட்டார். என் தங்கை என்றேன். பின்பல் எத்தனை என்றும் சொன்னேன்.

இடது வளைவுகளில் எண்ணிக்கை இறங்கியது உண்மைதான். மறைக்கவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தாறு என்று வந்தது. அங்கே எழுந்து நின்று மிதித்தாள், வண்டி இரு பக்கமும் ஆடியது, பத்து மீட்டர், பிறகு மறுபடி அறுபது. பத்து மீட்டர்தானே என்று நானும் எண்ணினேன். நாற்பத்தொன்றில் முப்பத்தொன்று. அந்த இடத்தில் அவள் ஒரு கையால் வலது முழங்காலைத் தொட்டாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

நாற்பத்தைந்தில் இரண்டு பேர் அவளைத் தாண்டினார்கள். இருவரும் பெரிய பல் போட்டிருந்தார்கள், தையல் மிஷின் மிதிப்பது போலப் படபடவென்று மிதித்துக்கொண்டு. பார்ப்பதற்கே அழகில்லை.

ஐம்பத்தொன்று. இடது வளைவு. உள்ஓரத்தில் ஏறினாள். மிதி ஒன்று கீழே போனது, அடுத்தது மேலே வரவில்லை. அவ்வளவுதான் நான் பார்த்தது. வண்டி அப்படியே நின்றது. அவள் சாயவில்லை, ஒரு காலை ஊன்றித் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேனிலிருந்து குதித்து ஓடினேன். போனதும் பின்சக்கரத்தைத்தான் பார்த்தேன். பார்க்கத்தானே வேண்டும்? ஒருவேளை தவறான சக்கரத்தில் சங்கிலி கிடந்திருக்கலாம். கியர் மாற்றத் தவறியிருக்கலாம். அப்படி இருந்தால் எல்லாமே வேறு கணக்கு.

"கடைசிலதானே இருந்துச்சு? இருபத்தஞ்சுலதானே?"

"ஆமாங்கண்ணா. அதுலதான்."

சங்கிலி பெரிய சக்கரத்தில்தான் கிடந்தது. சரியாகக் கிடந்தது.

பிறகென்ன. வேனில் ஏறினாள், வண்டியையும் ஏற்றினோம், கீழே வந்தோம். முதல் மூன்றில் அந்தத் தையல் மிஷின்காரிகள் இருவரும் வந்தார்கள். முழங்கால் சிப்பிக்குப் பின்னாலிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். இப்போது மாடிப்படியைப் பக்கவாட்டாகத்தான் ஏறுகிறாள். பண்ணைக்குப் போகிறாள், முட்டை தரம் பிரிக்கிறாள், நிற்கிற வேலை, ஆனால் ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். சைக்கிளை நான் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் அந்த அறைக்குப் போவதில்லை. படி இருக்கிறது, அதனால்.

ஒரு நாள்கூட அவள் என்னைக் குறை சொன்னதில்லை, ஐயா. சாப்பாடு போடுகிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மனைவிதான் அவ்வப்போது ஒரு மாதிரி பார்ப்பாள். அதற்காகத்தான் இந்தப் பலகை. ஊரார் நாளைக்கு ஒன்று சொல்லக் கூடாது. முப்பத்தைந்து இடது வளைவின் உள்ஓரத்தையும் அளந்து, இருபத்தைந்து பல் போதும் என்று எண்களாலேயே காட்டிவிட்டால், பிறகு பேச்சுக்கு இடமில்லை.

முப்பத்துநான்கு முடித்துவிட்டேன். எண்களா? நூறு மீட்டருக்குப் பதினேழு மீட்டர் ஏற்றம். சிலவற்றில் பத்தொன்பது. ஓரிடத்தில் இருபத்தொன்று. ஆனால் இவை ஒரு மீட்டர்ப் பலகையில் எடுத்தவை. சிறிய பலகையில் ஒரு கல் தூக்கிக் கொடுத்தாலும் அளவு கூடிவிடும். மூன்று மீட்டர்ப் பலகையில் எடுத்தால் கண்டிப்பாகக் குறையும். நடத்துநர் மூன்று மீட்டர்ப் பலகையை ஏற்றவிட மாட்டேன் என்கிறார். லக்கேஜ் டிக்கெட் வாங்குகிறேன் என்றேன். "வாத்தியாரே, அத எங்க படுக்க வெப்பீங்க, எம் மடியிலயா?" என்கிறார்.

மீதி ஒன்றுதான். ஐம்பத்தொன்று. இன்றைக்கு அதில் இறங்கிவிடுவதாக...

இது எது? வளைவுப் பலகையில் என்ன எண் போட்டிருக்கிறது, ஐயா? ஐம்பத்துமூன்றா? பேச்சில் கவனிக்கவில்லை. போகட்டும், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

நல்லசிவம் சொன்னது இவ்வளவே. நான் கேட்ட மூன்று முறையும் பேருந்து ஐம்பத்தொன்றைத் தாண்டிய பிறகே கதை முடிந்தது. முடிவு பற்றி வேறு இருவர் சொல்வது இதனோடு ஒத்துப்போகவில்லை.

ஓட்டுநர் செங்கோடன் சொன்னது: பந்தயம் முடிந்து பாதை திறந்ததும், சோளக்காட்டிலிருந்து இறங்கிய முதல் வண்டி அவருடையது. அறுபத்துமூன்றாவது வளைவில், சட்டையில் எண்ணோடு ஒரு பெண் சைக்கிள் இல்லாமல் மேல்நோக்கி நடந்துகொண்டிருந்தாள். காலணிகள் கையில் இருந்தன. ஏறிக்கொள்ளச் சொன்னார். மேலே போக வேண்டும் என்றாளாம். ஐம்பத்தொன்றுக்கு அவர் வந்தபோது வேன் ஓரமாக நின்றது, "நம்ம வாத்தியாரு சைக்கிளக் கவுத்துப் போட்டு உக்காந்து எதையோ எண்ணிட்டிருந்தாரு. கூப்ட்டேன், நிமிரல."

கோகிலவாணியை அதே ஆண்டு புரட்டாசியில், பண்ணை வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் சந்தித்தேன். தமையனார் முக்கால் மணிநேரம் சொல்லும் கதை அவரிடம் ஒரு குவளை மோர் முடிவதற்குள் முடிந்துவிட்டது.

"மேல போயிட்டுத்தானுங்க வந்தேன். நடந்து. வண்டிய அண்ணங்கிட்ட உட்டுட்டுப் போயிட்டேன், அவரு பாக்கவே இல்லீங். எழுபதுல துணி, கம்பமெல்லாம் அவுத்துட்டிருந்தாங்க. நம்பரக் குடுத்துட்டு, அங்க ஒரு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்தேன். டாக்டரு கேட்டாரு, அதுக்கப்புறம் நடந்தீங்களாம்மான்னு. பத்தொம்பது வளைவு ஏறினேன்னேன். அம்பத்தொண்ணுலயே உக்காந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்னாருங்க. அண்ணங்கிட்ட இதச் சொல்லலீங். சொன்னா, அந்தப் பத்தொம்பதுக்கும் பலகையத் தூக்கிட்டுக் கெளம்பிருவாரு."